மூன்றாவது சக்கரம் யாருக்கு? வாசகர் கேள்வி பதில்

காலமெல்லாம் பைக் ஓட்டியவர்கள் ஏன் திடீரென்று மூன்று சக்கர வண்டிக்கு மாறுகிறார்கள் என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஊர் வேறு, வயது வேறு, ஆனால் எல்லோர் மனதிலும் இருக்கிற கேள்வி ஒன்றுதான். அதனால் மைலேஜ், டயர், செகண்ட் ஹேண்ட் கேள்விகளை எல்லாம் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எனக்கு 57 வயது, இன்னும் புல்லட்தான் ஓட்டுகிறேன். என் மச்சான் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார். பைக் என்றால் உயிர், பெரிய ஹோண்டா கோல்டு விங் வைத்திருந்தார். அதை விற்றுவிட்டு இப்போது பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஹார்லி வாங்கியிருக்கிறார். போட்டோ பார்த்ததும் எனக்கு மனசே ஆறவில்லை. வயசானால் எல்லோரும் இப்படித்தான் ஆக வேண்டுமா சார்? – வாசகர், கோவை

வயது ஒரு காரணம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஓடுகிற பைக்கை ஓட்டுவதற்கு வயது அவ்வளவு பெரிய தடை கிடையாது. கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டால் வண்டி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும், உங்கள் கால் அதைத் தாங்குவதில்லை. சிக்கல் எல்லாம் வண்டி நிற்கும்போதுதான். சிக்னலில் நிற்கும்போது, பெட்ரோல் பங்கில் சரளைக்கல் மேல் திரும்பும்போது, சரிவான இடத்தில் நிறுத்தி மறுபடி பின்னால் இழுக்கும்போது.

உங்கள் புல்லட் ஏறத்தாழ 195 கிலோ. மச்சான் வைத்திருந்த கோல்டு விங் அதைப்போல இரண்டு மடங்கு, பெட்டி எல்லாம் சேர்த்தால் 380 கிலோவை ஒட்டி வரும், அதற்குமேல் பின்னால் உங்கள் தங்கச்சியோ அக்காவோ உட்கார்ந்திருப்பார், இரண்டு பேருடைய ஒரு வாரத்துத் துணிமணியும் இருக்கும். இந்த மொத்தப் பாரத்தையும் ஒரு பக்கம் சாயாமல் நிறுத்துவது இரண்டு முழங்கால்கள். ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பயில்வானாலும் பிடிக்க முடியாது, விட்டுவிட்டு விலகுவதுதான் புத்திசாலித்தனம். இந்த வண்டிகளைக் கையால் பின்னால் தள்ள முடியாது என்று தெரிந்துதான் ஹோண்டா 1988-லேயே கோல்டு விங்கில் ரிவர்ஸ் வசதி வைத்தது.

நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் மாறுவதற்கு அவர்களே சொல்கிற காரணங்களைக் கேட்டால் பெரும்பாலும் இதைச் சுற்றியே வரும். முழங்கால் மாற்று ஆபரேஷன், இடுப்பு ஆபரேஷன், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலம் குறைந்தது, உள்காதுப் பிரச்சினையால் தலைசுற்றல், விபத்தில் ஒரு கால் போனது. அப்புறம் யாரும் அவ்வளவாக வெளியே சொல்லாத ஒரு காரணம், பின்னால் உட்காருகிறவரின் பயம். பங்கில் ஒரே ஒரு முறை வண்டியோடு சாய்ந்து விழுந்த மனைவி அடுத்த பயணத்துக்கு வரமாட்டேன் என்றால், இருவரும் சேர்ந்து ஊர் சுற்றுவது அதோடு நின்றுவிடும். அதைக் காப்பாற்றுவதற்காகவே மாறியவர்கள் நிறையப் பேர்.

ஹார்லிக்கு மூன்று சக்கரம் புதிதும் இல்லை. 1932-லேயே சர்வி-கார் என்று ஒன்றைச் செய்தார்கள். வொர்க்‌ஷாப் ஆள் அதை ஓட்டிக்கொண்டு போய், ரிப்பேருக்கு வரவேண்டிய காரின் பின்னால் கோத்துக்கொண்டு, காரை ஓட்டி வந்துவிடுவார், வேலை முடிந்ததும் காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு இதில் திரும்பிவிடுவார். போலீஸ்காரர்கள் பார்க்கிங் அபராதம் போடவும் அதில் சுற்றினார்கள். 1973 வரை அந்த வண்டி தயாரிப்பில் இருந்தது. அதற்குப் பிறகு நீண்ட காலம் ஹார்லி இந்தப் பக்கம் வரவில்லை, பெரிய பைக்கின் பின்பகுதியைக் கழற்றிவிட்டுக் கார் மாதிரி அச்சும் டிஃபரன்ஷியலும் (வளைவில் இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற அமைப்பு) போட்டுத் தரும் தனிப் பட்டறைகள்தான் அந்தத் தேவையைத் தீர்த்தன. ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் 2009 மாடலாக டிரை கிளைடு என்ற வண்டியை ஹார்லியே கொண்டுவந்தது. அது சுமார் 560 கிலோ, ஆனால் அந்த எடையில் ஒரு கிலோகூட உங்கள் மச்சான் முழங்காலுக்கு வராது.

அவரிடம் ஒரு முறை போன் போட்டுப் பேசுங்கள். இரண்டா மூன்றா என்று அவர் யோசித்திருக்கவே மாட்டார், மூன்றில் ஓட்டுவதா இல்லை வண்டியையே விட்டுவிடுவதா என்றுதான் யோசித்திருப்பார். அந்த இடத்தில் நின்று பார்த்தால் உங்களுக்கும் மனசு ஆறும்.

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிஞ்சு ஒரு வருசம். மோட்டார் சைக்கிளை விட மனமில்லை. முன்னுக்கு ரெண்டு சில்லு உள்ள ஸ்பைடர் நல்லதா, பின்னுக்கு ரெண்டு சில்லு உள்ளது நல்லதா? – வாசகர், ஸ்கார்பரோ, கனடா

ஸ்பைடர் உங்கள் நாட்டு வண்டிதான், கியூபெக்கில் வால்கோர்ட் என்ற ஊரில் இருக்கும் பிஆர்பி கம்பெனி 2007-ல் கேன்-ஆம் என்ற பெயரில் வெளியிட்டது. என்னைக் கேட்டால் வளைவுகளில் ஓட்டப்போகிறவருக்கு முன்னால் இரண்டு சக்கரம் இருப்பதே மேல். காரணம் எளிது. பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்னால் ஓடும், வளைவில் திரும்பினால் வெளிப்பக்கம் ஓடும், இரண்டும் சேர்ந்து நடந்தால் முன் வெளிமூலைக்குப் போகும். அந்த மூலையில் ஒரு சக்கரம் இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். பின்னால் இரண்டும் முன்னால் ஒன்றும் இருக்கிற வண்டியில் அந்த மூலையில் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. வளைவுக்குள் வேகமாக நுழைந்து நடுவில் பயந்து பிரேக் பிடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் ஆஸ்பத்திரி வரைக்கும் போகக்கூடிய வித்தியாசம்.

போதாததற்கு ஸ்பைடரில் சக்கரம் தூக்கப் பார்த்தால் உடனே கவனித்து எஞ்சின் சக்தியைக் குறைத்து, தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக் போடுகிற மின்னணு ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. கிளட்ச் இல்லாமல் விரலால் கியர் மாற்றுகிற மாடலும் உண்டு, முழங்காலோடு விரல் மூட்டும் வலிக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. கவனிக்க வேண்டியது இரண்டு. கையில் பிரேக் லீவர் கிடையாது, மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து வலது கால் பெடல் ஒன்றுதான். ஆபரேஷன் செய்தது வலது முழங்கால் என்றால் வாங்குவதற்கு முன் அந்த பெடலை அழுத்தி அழுத்திப் பாருங்கள், அவசரத்தில் முழு பலத்தோடு அழுத்த முடிகிறதா என்று. இரண்டாவது, எஞ்சின் சக்தி முழுக்கப் போவது பின்னால் இருக்கும் ஒற்றை டயருக்கு, மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் அது வழுக்கப் பார்க்கும். டயர் தேய்ந்தால் இழுத்தடிக்காமல் மாற்றிவிடுங்கள்.

பின்னால் இரண்டு சக்கரம் உள்ளவற்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஓட்டுகிற இடத்திலிருந்து பார்த்தால் அதே ஹேண்டில் பார், அதே ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), பழைய பைக்கில் உட்கார்ந்த அதே காட்சி. பின்னால் பெரிய டிக்கி, துணையாக வருகிறவருக்கு சோபா மாதிரி சீட். நேரான நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகிற ஜோடிக்கு அது போதும்.

கேள்வி: முப்பது வருடமாக பைக் ஓட்டுகிறவனுக்கு மூன்று சக்கரம் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்ன? – வாசகர், திருச்சி

கட்டாயம் வேண்டும், உங்களுக்குத்தான் மிக மிக அதிகமாக வேண்டும். புதிதாக வருகிறவனுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

பைக் வேகமாகப் போகும்போது இடது பக்கம் திரும்ப நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். இடது கைப்பிடியை முன்னால் மெல்லத் தள்ளுகிறீர்கள், அதாவது ஹேண்டில் ஒரு கணம் வலப்பக்கம் திரும்புகிறது, வண்டி இடப்பக்கம் சாய்கிறது, சாய்ந்ததும் வளைகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே உடம்பு கற்றுக்கொண்ட வித்தை அது. சாயாத மூன்று சக்கர வண்டியில் அதே இடது கைப்பிடியைத் தள்ளினால் வண்டி வலப்பக்கம் போகும், எதிரே லாரி வருகிற பக்கம். காரைப் போல, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். நிதானமாக ஓட்டும்போது இது எல்லோருக்கும் புரிந்துவிடும். ஆனால் திடீரென்று ஒரு நாய் குறுக்கே வந்தால் அந்த அரை நொடியில் மூளை பேசாது, முப்பது வருடப் பழக்கம்தான் பேசும். அனுபவசாலிகள் முதல் மாதத்தில் விபத்தில் சிக்குவது இப்படித்தான்.

அடுத்தது உடம்பு. பைக்கில் நீங்களும் வண்டியும் சேர்ந்து உள்பக்கம் சாய்வதால் உங்களை வெளியே தூக்கிப்போடுகிற உணர்வே இருக்காது. மூன்று சக்கரத்தில் வண்டி நிமிர்ந்தே இருக்கும், நீங்கள் வெளிப்பக்கம் தள்ளப்படுவீர்கள், பின்னால் இருக்கிறவரும்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்பக்கத் தோளை இறக்கி உடம்பைக் கொண்டுபோய் வளைய வேண்டும். ஹேண்டிலும் கனமாக இருக்கும், அதனால்தான் பைக்கை மாற்றிக் கட்டுகிற நல்ல பட்டறைகள் முன் ஃபோர்க்கின் சாய்வுக் கோணத்தையும் மாற்றித் தருகின்றன. அதைச் செய்யாமல் பின்பக்கத்தை மட்டும் மாற்றிய வண்டியை ஓட்டினால் சாயங்காலம் தோள்பட்டை கழன்றுவிடும்.

கடைசியாக, காலைக் கீழே வைக்காதீர்கள். வண்டி நிற்கப்போகிறது என்றதும் கால் தானாக இறங்கும், அதுவும் பழைய பழக்கம். பின்னால் அகலமாக வருகிற சக்கரம் அந்தப் பாதத்தின் மேல் ஏறிவிடும். காலி மைதானத்தில் இதையெல்லாம் சலிக்கும்வரை பழகிவிட்டு அப்புறம் ரோட்டுக்கு வாருங்கள்.

கேள்வி: பாரிஸில் எங்கு பார்த்தாலும் முன்னால் இரண்டு சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஓடுகிறது. கோட் சூட் போட்டவர்கள்கூட ஓட்டுகிறார்கள். இவர்களுக்கு எல்லாம் முழங்கால் வலியா? – வாசகி, பாரிஸ்

இல்லை, அங்கே கதையே வேறு. நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலானவை இத்தாலியின் பியாஜியோ கம்பெனி 2006-ல் கொண்டுவந்த எம்பி3 வகையாக இருக்கும். முன் இரண்டு சக்கரமும் பைக் மாதிரியே சேர்ந்து சாயும், சிக்னலில் ஒரு பட்டனை அழுத்தினால் சாய்வு பூட்டிக்கொள்ளும், காலை ஊன்றாமல் உட்கார்ந்திருக்கலாம். கற்கள் பதித்த பாரிஸ் தெருக்களில், அதுவும் மழையில், முன்னால் இரண்டு டயர் பிடித்துக்கொண்டிருப்பது பெரிய நிம்மதி. ஒன்று வழுக்கினாலும் மற்றது இருக்கும்.

ஆனால் அது அங்கே பரவியதற்கு முக்கியமான காரணம் ஓட்டுநர் உரிமம். முன் சக்கரங்களுக்கு நடுவில் போதுமான அகலம் வைத்துச் செய்த மாடலை கார் உரிமத்திலேயே ஓட்டலாம், பைக் உரிமத்துக்குத் தனியாகத் தேர்வு எழுத வேண்டியதில்லை. 2011-லிருந்து அதற்கு 7 மணி நேரப் பயிற்சி கட்டாயம். ஆக பாரிஸில் நீங்கள் பார்க்கிற கோட் சூட் ஆட்களில் பலர் இரண்டிலிருந்து மூன்றுக்கு வந்தவர்கள் அல்ல, நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கியவர்கள், டிராஃபிக் தாங்காமல்.

இதே பாணியில் யமஹா 2018-ல் நிக்கென் என்று 847 சிசி எஞ்சினோடு பெரிய வண்டி ஒன்றை விற்க ஆரம்பித்தது. அருமையான வண்டி, மலைப்பாதையில் முன்பக்கம் பிசகவே பிசகாது. ஆனால் அதில் சாய்வைப் பூட்டுகிற வசதி கிடையாது, நிறுத்தினால் காலை ஊன்ற வேண்டும், இல்லாவிட்டால் மூன்று சக்கரத்தோடு அப்படியே விழும். முழங்காலுக்காக மாறுகிறவர்கள் சக்கரத்தை எண்ணி ஏமாந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி: அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பைக் லைசென்ஸ் வைத்துக்கொண்டே கார் ஓட்டினார்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார். நம்பலாமா? – வாசகர், லண்டன்

நம்பலாம், கார் என்றால் மூன்று சக்கரக் கார். எடை ஒரு வரம்புக்குள் இருந்தால் மோட்டார் சைக்கிள் உரிமத்தில் ஓட்டலாம், வரியும் குறைவு. மோர்கன் கம்பெனி முன்னால் இரண்டு சக்கரம் வைத்து 1910-களிலிருந்து 1952 வரை செய்துகொண்டிருந்தது. அப்புறம் டாம்வொர்த்தில் இருந்த ரிலையன்ட் கம்பெனி முன்னால் ஒரு சக்கரம் வைத்து ரீகல், 1973-ல் ராபின் என்று விற்றது. கல்யாணம் ஆகி குழந்தை பிறந்ததும் பைக்கோடு சைடு கார் கோத்து ஓட்டியவர்கள், இரண்டாவது குழந்தை வந்ததும் இதற்கு மாறினார்கள், மறுபடி ஒரு டிரைவிங் டெஸ்ட் கொடுக்காமல் மழையில் நனையாமல் குடும்பத்தோடு போக அதுதான் வழி. 1960-களின் ஆரம்பம் வரை ரிவர்ஸ் கியர் இயங்கினால் பைக் உரிமம் செல்லாது என்று வேறு ஒரு விதி இருந்தது, அதனால் பலர் ரிவர்ஸை அடைத்துவைத்தே ஓட்டினார்கள். இப்போது நிலைமை வேறு. 2013 ஜனவரியிலிருந்து அங்கே புதிதாகக் கார் உரிமம் வாங்குகிறவர் மூன்று சக்கர பைக்கை ஓட்ட முழு மோட்டார் சைக்கிள் உரிமமும் எடுக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கேள்வி: மூன்று சக்கரம் விழாது, எனவே பத்தாம் வகுப்பு படிக்கும் பையனுக்கு முதல் வண்டியாக அதையே கொடுக்கலாம் அல்லவா? – வாசகர், சேலம்

முதலில் பையனுக்கு உரிமம் எடுக்கிற வயது வரட்டும். அதற்கு முன் எத்தனை சக்கரம் என்றாலும் வேண்டாம்.

விழாது என்பதும் உண்மை இல்லை. 1970-ல் ஹோண்டா யுஎஸ்90 என்று (பிறகு ஏடிசி90 என்று பெயர் மாறியது) உப்பிய மூன்று டயர் வைத்து மண்ணில் ஓட்டுகிற வண்டி ஒன்றை அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது, மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும், ஸ்டாண்ட் இல்லாமல் நிற்கும், ஆபத்தே இல்லாதது போலத் தெரியும். பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். குட்டையான வண்டி, உயரமான இருக்கை, முன்னால் ஒற்றைச் சக்கரம், பின் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியிருப்பதால் வளைய மறுக்கும், வளைந்தால் கவிழும். அடிபட்டவர்களும் இறந்தவர்களும் பெருகி, கடைசியில் 1988-ல் அரசாங்கத்துக்கும் கம்பெனிகளுக்கும் நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டு ஏடிவி என்கிற இந்த மண்ணில் ஓடும் வண்டிகளில் மூன்று சக்கர வகையின் விற்பனையே அமெரிக்காவில் நின்றது. நிற்கும்போது விழாத வண்டி ஓடும்போதும் விழாது என்று எண்ணியதில் பல வீடுகளில் பிள்ளைகள் போய்விட்டார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. ஸ்கூட்டியில்தான் கோயில், மார்க்கெட், பேரன் பள்ளிக்கூடம் எல்லாம். முழங்கால் தேய்மானம் வந்த பிறகு நிறுத்தும்போது இரண்டு முறை சாய்ந்துவிட்டார். சைடு வீல் போட்டுக்கொடுக்கலாமா? ஆர்டிஓ பிரச்சினை வருமா? – வாசகி, மதுரை

உங்கள் அம்மா வண்டியை விட்டுவிட்டால் அந்தக் கோயிலும் மார்க்கெட்டும் கூடவே போய்விடும், அதனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டி, அம்மா வண்டி ஓட்டலாமா என்று கேளுங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படுகிற உயரம் குறைந்த, எடை குறைந்த வண்டி போதுமா என்றும் பாருங்கள். நிறையப் பேருக்கு அதுவே தீர்வாகிவிடுகிறது, சாய்ந்ததற்குக் காரணம் சீட் உயரமாக இருந்து நுனிக்காலில் நின்றதுதான் என்று பிறகுதான் தெரியும்.

சைடு வீல்தான் வேண்டும் என்றால், சட்டம் இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்சி-யில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. உடல் குறைபாடு உள்ள ஒருவர் பயன்படுத்துவதற்காக மாற்றுவதை அந்தச் சட்டமே அனுமதிக்கிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட வண்டிக்கு அடாப்டட் வெஹிக்கிள் என்று பெயர், பழைய லைசென்ஸ்களில் இன்வேலிட் கேரேஜ் என்று இருக்கும். ஆகவே டாக்டர் சான்றிதழோடு முதலில் உங்கள் ஆர்டிஓ ஆபீசுக்குப் போய்ப் பேசி, மாற்றத்தை ஆர்சி-யில் பதிந்து, லைசென்சிலும் அந்த வகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தெருமுனைப் பட்டறையில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டால் போலீஸ் பிடிப்பதைக்கூட விடுங்கள், ஒரு விபத்து நடந்து கிளெய்ம் போடும்போது பதிவில்லாத மாற்றம் என்று பணத்தை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

மாட்டும்போது பார்க்க வேண்டியது, சைடு வீல் ஒவ்வொன்றுக்கும் தனி ஷாக் அப்சார்பர் இருக்கிறதா என்பது. வெல்டிங் அடித்து விறைப்பாக மாட்டிய சக்கரம் வேண்டவே வேண்டாம். வண்டியின் அகலம் கூடியதை அம்மா மறந்துவிடுவார், எனவே வீட்டு கேட், கோயில் வாசல் சந்து எல்லாவற்றையும் முன்பே அளந்துகொள்ளுங்கள். பேரனை ஏற்றுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள், அம்மாவுக்குக் கை பழகட்டும்.

கேள்வி: எனக்கு சின்ன வயதிலேயே போலியோ. அரசாங்கம் கொடுத்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்தான் என் கால். மேடு பள்ளத்தில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பிரேக்கும் சில இடத்தில் பிடிப்பதில்லை. எஞ்சின் கோளாறா? – வாசகர், விழுப்புரம்

எஞ்சினில் ஒன்றும் இருக்காது தம்பி, சக்கர உயரத்தைப் பாருங்கள். நம் ஊர் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரை மூன்று சக்கர வண்டி என்று சொன்னாலும் உண்மையில் நான்கு சக்கரம், ஒரிஜினல் பின்சக்கரம் நடுவில் அப்படியே இருக்கிறது, இரண்டு பக்கமும் கூடுதலாக இரண்டு. எஞ்சின் சுற்றுவது நடுச் சக்கரத்தை மட்டும். பின் பிரேக்கும் பெரும்பாலான வண்டிகளில் அதில் மட்டும்தான். சைடு வீல் இரண்டும் அளவுக்கு மீறி இறங்கியிருந்தால், ரோட்டில் ஒரு சின்னப் பள்ளம் வந்ததும் பாரம் முழுக்க அவற்றின் மேல் நின்றுகொண்டு நடுச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். தொங்குகிற சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் வண்டி நகராது, அதைப் பிடித்து நிறுத்தினாலும் வண்டி நிற்காது. நீங்கள் எழுதிய இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றேதான்.

சமதரையில் நிறுத்தி, நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மெக்கானிக்கைக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். காலி வண்டியில் பார்த்தால் தெரியாது. பாரம் முக்கியமாக நடுச் சக்கரத்தில் இருக்க வேண்டும், சைடு வீல்கள் தரையைத் தொட்டுக்கொண்டு சாயாமல் பிடிக்கிற அளவு போதும். ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தைக் குறைத்தோ, மாட்டியிருக்கும் தாங்கியைக் கொஞ்சம் ஏற்றியோ இதைச் சரிசெய்யலாம். நடு டயர் தேய்ந்திருந்தால் அதனாலும் உயரம் குறையும், டயரின் பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற மேடுகள்) மறைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். சைடு வீல் பேரிங்கில் சத்தம் வந்தால் அன்றைக்கே பார்த்துவிடுங்கள், ஒரு பக்கம் சக்கரம் கழன்றால் வண்டி அந்தப் பக்கமே கவிழும். அப்புறம், வளைவில் நிதானம். அகலம் இருந்தாலும் ஸ்கூட்டரின் உயரம் குறையவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் தகுதியுள்ள, இன்னும் விண்ணப்பிக்காத மாற்றுத்திறனாளிகள் இருந்தால், அடையாள அட்டையோடு உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே பலர் வருடக்கணக்கில் இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறார்கள், அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

கேள்வி: புல்லட்டில் சைடு கார் மாட்டினால் அதுவும் மூன்று சக்கரம்தானே? – வாசகர், பெங்களூரு

எண்ணிக்கையில் ஆமாம், குணத்தில் இல்லை. நம் ஊரில் சைடு கார் இடப்பக்கம் இருக்கும். வேகம் கூட்டினால் அது பின்தங்கி வண்டியை இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் அது முன்னால் ஓடப்பார்த்து வண்டியை வலப்பக்கம் தள்ளும். இடப்பக்கம் வேகமாகத் திரும்பினால் சைடு கார் சக்கரம் தரையை விட்டு மேலே எழும். ஆள் இல்லாமல் காலியாக ஓட்டும்போதுதான் இது அதிகம், எனவே பழகும்போது உள்ளே ஒரு மணல் மூட்டை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் ஆர்சி-யில் பதிவு வேண்டும். ஆசைக்காக மாட்டுவதானால் தாராளமாகச் செய்யுங்கள், முழங்கால் வலிக்காக என்றால் இது சரியான மருந்து இல்லை, கிளட்சும் கியரும் கனமான ஹேண்டிலும் அப்படியே இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 70. பைக்கை விடச்சொன்னால் கோபப்படுகிறார், மூன்று சக்கரம் வாங்கிக்கொடு என்கிறார். போன மாதம் சாயங்கால நேரத்தில் ஸ்பீடு பிரேக்கரை கவனிக்காமல் ஏறி விழுந்தார், அதற்கு முன் நின்றுகொண்டிருந்த ஆட்டோவின் பின்னால் இடித்தார். வாங்கலாமா? – வாசகர், தஞ்சாவூர்

அவர் விபத்தில் சிக்கிய இரண்டு தடவையும் வண்டி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நிற்கும்போது கால் தாங்காமல் சாய்ந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. கூடுதல் சக்கரம் காலுக்கும் பேலன்சுக்கும் மட்டும்தான் உதவி செய்யும். மங்கலான வெளிச்சத்தில் மேடு தெரியவில்லை, எதிரே நிற்கிற ஆட்டோ நேரத்தில் தெரியவில்லை என்றால் அது கண் புரையாக இருக்கலாம், கண் அழுத்தமாக இருக்கலாம், பிரேக் பிடிக்கிற வேகம் குறைந்ததாகவும் இருக்கலாம். அந்த நிலையில் அதிக எடையும் அகலமும் உள்ள வண்டியை வாங்கிக்கொடுத்தால் இடிக்கிற இடி இன்னும் பலமாக இருக்கும், எதிரே நிற்கிறவருக்கும் சேர்த்து.

அதே சமயம் அவரிடம் வண்டியைப் பிடுங்குகிற மாதிரி பேசாதீர்கள். புரை என்றால் ஆபரேஷன் செய்து, டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகு பழைய பைக்கையே அவர் மறுபடி ஓட்டக்கூடும். இந்த வாரமே கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், அதுவரை சாவி உங்களிடம் இருக்கட்டும், அவர் போக வேண்டிய இடத்துக்கு எல்லாம் முகம் சுளிக்காமல் நீங்களே கொண்டுபோய் விடுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், வண்டியைப் பற்றி அப்புறம் பேசலாம்.